காமா-குளூட்டமைல்சிஸ்டீன்: கல்லீரலின் காப்புப்பொருளுக்கு முதற்படி

கல்லீரல் செயற்பாட்டுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியவர்கள் அதன் இறுதிப் பகுதியில் 'காமா ஜி.டி.' அல்லது 'ஜி.ஜி.டி.' என்றொரு வரியைக் கண்டிருக்கக்கூடும். பிலிருபினைப் பற்றியும் எஸ்.ஜி.பி.டி. பற்றியும் மருத்துவரிடம் கேட்பவர் பலர். இவ்வரியைப் பற்றிக் கேட்பவர் சிலரே. காமா-குளூட்டமைல் டிரான்ஸ்பெரேஸ் என்னும் நொதியின் சுருக்கப்பெயர் அது. பித்தநாளத்தில் அடைப்பு ஏற்பட்டாலும், மது அருந்துவோரிடத்திலும், வலிப்பு நோய்க்கான பெனிடாயின் போன்ற சில மருந்துகளை உட்கொள்வோரிடத்திலும் அதன் அளவு உயரும். அந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு எந்த நோயையும் முடிவு செய்ய இயலாது. ஆயினும் அப்பெயரின் முற்பகுதியில் அடங்கியிருக்கும் 'காமா-குளூட்டமைல்' என்னும் சொல், நம் உடலின் மிக முக்கியமான தற்காப்பு ஏற்பாடு ஒன்றின் வாயிலாக அமைந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேதியியல் சற்றே வரும். அதனைப் பொறுத்துக்கொண்டால், வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள காய்ச்சல் மாத்திரையைப் பற்றிய முக்கியமான செய்தி ஒன்று தெளிவாகும்.

இரண்டு அமினோ அமிலங்களின் பிணைப்பு

நாம் உண்ணும் பருப்பும் மீனும் முட்டையும் செரிமானத்தின்போது அமினோ அமிலங்களாகப் பிரிகின்றன. அவற்றுள் குளூட்டமிக் அமிலம் ஒன்று, சிஸ்டீன் மற்றொன்று. இவ்விரண்டும் உயிரணுவுக்குள் பிணைந்து உண்டாகும் சிறு மூலக்கூறே காமா-குளூட்டமைல்சிஸ்டீன். அமினோ அமிலங்கள் இரண்டே சேர்ந்ததால் இதனை இருபெப்டைடு என்பர். இதனோடு கிளைசின் என்னும் மூன்றாவது அமினோ அமிலம் சேர்ந்ததும் குளூட்டாதயோன் உருவாகிறது. உடலின் எதிர்ஆக்சிஜனேற்றிகளுள் உயிரணுக்கள் தாமே மிகுதியாகத் தயாரித்து வைத்துக்கொள்வது இதுவே. கல்லீரல் உயிரணுக்களில் இதன் செறிவு இரத்த நீரில் உள்ளதைப்போல் பல நூறு மடங்கு இருக்கும்.

'காமா' என்ற அடைமொழி வீணாகச் சேர்க்கப்பட்டதன்று. குளூட்டமிக் அமிலத்திற்குப் பிறவற்றோடு பிணைவதற்குக் கைகள் இரண்டு உண்டு எனக் கொள்வோம். சாதாரணப் புரதங்களில் அது எப்போதும் ஒரு குறிப்பிட்ட கையால்தான் அடுத்த அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்ளும். இங்கு மட்டும் மற்றக் கையால் பற்றுகிறது. புரதங்களை அறுக்கும் வழக்கமான நொதிகளுக்கு இந்தப் பிணைப்பு பிடிபடுவதில்லை. ஆகையால் உயிரணுவுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் எளிதில் சிதையாமல் சேமிப்பில் நிற்கிறது. இப்பிணைப்பை அறுக்க வல்லது, உயிரணுவின் வெளிப்புறத்தில் அமர்ந்திருக்கும் ஜி.ஜி.டி. நொதி. வெளியே வந்துவிட்ட குளூட்டாதயோனைப் பிரித்து, அதன் கூறுகளை மீண்டும் உயிரணுவுக்குள் சேர்ப்பதற்கு வழி செய்வது அதன் பணி.

இப்பொருளின் வரலாற்றில் சுவையான செய்தி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடரிக் கவ்லேண்ட் ஹாப்கின்ஸ் 1921ஆம் ஆண்டில் ஈஸ்டிலிருந்தும் தசையிலிருந்தும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்துக் குளூட்டாதயோன் எனப் பெயரிட்டார். அது குளூட்டமிக் அமிலமும் சிஸ்டீனும் மட்டுமே சேர்ந்த இருபெப்டைடு என்றே அவர் அப்போது கருதினார். பிறர் ஐயம் எழுப்பினர். மீண்டும் ஆராய்ந்து, கிளைசினும் அதில் உண்டு என்று 1929இல் அவரே திருத்தி எழுதினார். வைட்டமின்கள் பற்றிய பணிக்காக அவர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். முதலில் அவர் எண்ணிய இருபெப்டைடு கற்பனைப் பொருள் அன்று; குளூட்டாதயோன் உருவாகும் வழியில் அது உண்மையிலேயே ஒரு படியாக அமைந்துள்ளது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

குளூட்டாதயோன் செய்யும் பணி

நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. ஆக்சிஜனின்றி நாம் வாழ இயலாது. எனினும் அதே ஆக்சிஜன் உயிரணுவுக்குள் எரிபொருளை எரிக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய ஊறு செய்யும் துணைப்பொருள்களும் தோன்றுகின்றன. நோய்த்தொற்று, புகை, சில மருந்துகள் ஆகியன இவற்றை மேலும் பெருக்கும். இவை உயிரணுவின் சவ்வையும் புரதங்களையும் மரபுப்பொருளையும் தாக்குமுன், குளூட்டாதயோன் தன் சிஸ்டீனில் உள்ள கந்தகத்தைக் கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அவ்வாறு செயற்பட்ட இரண்டு குளூட்டாதயோன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொணரும் நொதி ஒன்றும் உண்டு. ஆகவே இதே மூலக்கூறு பன்முறை பயன்படுகிறது. நச்சுப்பொருளோடு நேரே பிணைந்து சிறுநீர் வழியாகவும் பித்தத்தின் வழியாகவும் வெளியேறும் குளூட்டாதயோன் மட்டும் திரும்புவதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்யப் புதிதாகத் தயாரித்தே ஆகவேண்டும்.

புதிதாகத் தயாரிப்பதில் கடினமான படி முதற்படியே, அதாவது காமா-குளூட்டமைல்சிஸ்டீன் உருவாவது. உடலில் குளூட்டமிக் அமிலம் தாராளமாக உண்டு. சிஸ்டீன் அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. மேலும், இப்படியை நடத்தும் நொதியைக் குளூட்டாதயோனே கட்டுப்படுத்துகிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பதைப்போல, குளூட்டாதயோன் போதிய அளவு சேர்ந்ததும் முதற்படி மட்டுப்படுகிறது. குறைந்ததும் மீண்டும் விரைவு பெறுகிறது.

மிதவை பழுதுபட்டால் என்ன நேரும் என்பதற்கு அரிய பிறவி நோய் ஒன்று சான்று. கிளைசினைச் சேர்க்கும் இரண்டாவது நொதி குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளிடத்தில் குளூட்டாதயோன் உருவாவதில்லை. தொட்டி நிறையாததால் முதற்படி ஓயாமல் நடக்கிறது. தேங்கும் காமா-குளூட்டமைல்சிஸ்டீன் 5-ஆக்சோபுரோலின் என்னும் அமிலமாக மாறி இரத்தத்தை அமிலத்தன்மை அடையச் செய்கிறது. சிவப்பணுக்களும் சிதைகின்றன. சோடா உப்பான பைகார்பனேட்டும், சி, ஈ வைட்டமின்களும் கொடுத்துச் சிகிச்சை செய்வர்.

இந்நோய் மிக அரிது. ஆனால் இதே கோளாறு பெரியவர்களுக்கும் தற்காலிகமாக ஏற்படுவதுண்டு. உடல் மெலிந்து, உணவு குறைந்து, நோய்த்தொற்றோடு நெடுநாள் படுக்கையில் இருப்போர், குறிப்பாக வயது முதிர்ந்த பெண்கள், வழக்கமான அளவிலேயே பாராசிட்டமாலைப் பல நாள் தொடர்ந்து உட்கொள்ளும்போது இது காணப்பட்டுள்ளது. மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்குதல், குழப்பம், அரைமயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். முதியோரைப் பராமரிப்பவர்கள் இதனை 'வயதின் தளர்ச்சி' என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

பாராசிட்டமாலும் கல்லீரலும்

பாராசிட்டமால் நல்ல மருந்து. அளவறிந்து கொண்டால் காய்ச்சலுக்கும் வலிக்கும் அதைவிடத் தீங்கு குறைந்த மருந்துகள் மிகச் சிலவே. அதனைக் கண்டு அஞ்சவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று.

உட்கொண்ட பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஏறக்குறைய நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை மட்டும் வேறு வழியில் சென்று, 'நாப்கி' என்று மருத்துவ நூல்கள் சுருக்கி அழைக்கும் நச்சுப்பொருளாகிறது. வழக்கமான அளவில் இதனால் தொல்லை ஏதுமில்லை; தோன்றிய உடனேயே குளூட்டாதயோன் அதனைப் பிணைத்து அகற்றிவிடுகிறது. அளவு மிகுந்தால் வழக்கமான பாதைகள் நிரம்பி வழிகின்றன. நாப்கி பெருகுகிறது; குளூட்டாதயோன் கரைகிறது; முதற்படி எவ்வளவு விரைந்தாலும் சிஸ்டீன் போதாமல் தயாரிப்பு பின்தங்குகிறது. சேமிப்பு வழக்கத்தில் மூன்றிலொரு பங்கிற்கும் கீழே இறங்கியபின், தடுப்பாரற்ற நாப்கி கல்லீரல் உயிரணுக்களின் புரதங்களைப் பற்றி அவற்றை அழிக்கத் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் விலங்குகளில் நடத்திய சோதனைகளால் இவ்வுண்மை வெளிப்பட்டது.

அதிலிருந்தே மாற்று மருந்தும் பிறந்தது. குறைவது குளூட்டாதயோன் என்றால் அதனையே ஊசி வழியாகச் செலுத்தலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். வெளியிலிருந்து செலுத்திய குளூட்டாதயோன் முழு மூலக்கூறாகக் கல்லீரல் உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதில்லை. உள்ளே எளிதில் செல்லக்கூடியதும், சென்றபின் சிஸ்டீனைத் தரக்கூடியதுமான அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவர் லாரி பிரெஸ்காட்டும் அவர்தம் குழுவினரும் 1970களின் பிற்பகுதியில் இதனை நரம்பு வழியாகச் செலுத்திப் பயன் கண்டனர். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் இதுவே வழங்கப்படுகிறது. மருந்தில் கந்தகம் இருப்பதால் அழுகிய முட்டையின் வாடை வீசும். மருந்து கெட்டுவிட்டது என்று உறவினர்கள் கலங்க வேண்டியதில்லை. சிலருக்கு முகம் சிவத்தல், அரிப்பு, இளைப்பு ஆகியன தோன்றலாம். உடனே செவிலியரிடம் சொன்னால் மருந்தின் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்வார்கள்.

அளவு மிகுந்து எட்டு மணி நேரத்திற்குள் இம்மருந்தைத் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகவே காக்கப்படுகிறது. காலம் தாழத் தாழப் பயன் குறைகிறது. எனினும் தாமதமாக வந்தவர்க்கும் கொடுப்பதுண்டு. இங்கேதான் இந்நச்சு நம்மை ஏமாற்றுகிறது. முதல் நாள் சற்றுக் குமட்டலும் வாந்தியும் இருக்கலாம்; ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். உண்டவர் எழுந்து நடமாடுவார், பேசுவார், சாப்பிடவும் செய்வார். அபாயம் நீங்கிற்று என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். வலப்பக்க வயிற்றுவலியும், மஞ்சட்காமாலையும், இரத்தம் உறையாமையும், அறிவு தடுமாற்றமும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான இடைவெளியில் தலைகாட்டும். அப்போது கல்லீரல் உயிரணுக்களில் பெரும்பகுதி அழிந்திருக்கக்கூடும். ஆகவே அடையாளங்கள் தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்னும் சொல் இவ்விடத்தில் பொருளற்றது.

மனவேதனையில் மாத்திரைகளை விழுங்கியவர்களை அழைத்துவரச் சில குடும்பங்கள் தயங்குகின்றன. வழக்கு வருமோ, ஊரார் அறிவரோ என்னும் அச்சமே காரணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்றும் தண்டித்தல் கூடாது என்றும் கூறுகிறது. அவர்க்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாகவும் அது ஆக்கியுள்ளது. மனத்துயரில் இருப்போரும் அவர்தம் வீட்டாரும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துப் பேசலாம். மாத்திரை உட்கொண்டவரை அழைத்துவரும்போது காலியான மாத்திரை அட்டைகளையும் எடுத்துவாருங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதைக் கூடியவரை சரியாகச் சொல்லுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணிக்க அந்த நேரக்கணக்கு இன்றியமையாதது.

அறியாமல் மிகுதியாக உட்கொள்வோரும் உண்டு. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு வேறொன்று என மூன்று பெயர்களில் வாங்குகிறார்கள்; மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்புறம் உள்ள மூலப்பொருள் வரியைப் படித்தறிந்தால் இது புலப்படும். படிக்க இயலாதவர்கள் மருந்தாளுநரிடம் கேட்டுத் தெளியலாம். நலமுள்ள பெரியவர்க்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது எல்லைக்கோடு. 500 மி.கி. மாத்திரையில் எட்டு, 650 மி.கி. மாத்திரையில் ஆறு. இது எட்டவேண்டிய அளவு அன்று, தாண்டக்கூடாத அளவு. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், நாட்கணக்கில் உணவின்றி இருந்தவர்கள், நாள்தோறும் மது அருந்துவோர், கல்லீரல் நோயாளிகள், காசநோய்க்கு ஐசோநயசிட் உட்கொள்வோர் ஆகியோருக்கு எல்லை இதனினும் கீழே இருக்கும். தத்தம் மருத்துவரிடம் கேட்டறிக. பட்டினி குளூட்டாதயோன் சேமிப்பைக் கரைக்கும். மது சேமிப்பைக் குறைப்பதோடு நாப்கி உருவாகும் வழியையும் அகலப்படுத்தும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் திரவ மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பதே கணக்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி.யை மிகக்கூடாது. 5 மி.லி.யில் 125 மி.கி. கொண்ட சிரப்பில் அது 6 மி.லி. ஆகும், 5 மி.லி.யில் 250 மி.கி. கொண்டதில் 3 மி.லி.; ஒரு மி.லி.யில் 100 மி.கி. கொண்ட சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே. சிரப்பின் அளவை நினைவில் கொண்டு சொட்டு மருந்தை 6 மி.லி. புகட்டினால் குழந்தை நான்கு மடங்கு மருந்தை உட்கொண்டதாகும். புட்டியோடு வந்த அளவுக்குழலையே பயன்படுத்துக. சமையலறைக் கரண்டி வேண்டா.

சிவப்பணுக்களும் பாச்சை உருண்டையும்

ஒட்டிக்கொண்ட குளூட்டாதயோன்களைப் பிரித்து மீட்பதற்கு ஜி6பி.டி. என்னும் நொதியின் துணை வேண்டும். இந்நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் இந்தியா உட்படப் பல நாடுகளில் உள்ளனர். தாய்வழியாக வருவதால் ஆண்களிடத்தில் மிகுதி. வழக்கமான நாட்களில் அவர்களுக்குக் குறை ஏதும் தெரியாது. மலேரியாவுக்கான பிரைமாகுவின், தொழுநோய்க்கான டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோபுரன்டாயின் முதலியவற்றை உட்கொண்டால் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதையும். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகும். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீனும் இவ்வாறே செய்யும். பச்சிளங்குழந்தைக்காக எடுத்து வைத்த பழந்துணிகளில் அந்த மணம் இருந்தால், நன்கு துவைத்து வெயிலில் உலர்த்தி, மணம் அறவே நீங்கியபின் பயன்படுத்துக. உருண்டையைக் குழந்தை வாயிலிட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வருக.

உணவும் விற்பனைப் பொருள்களும்

சிஸ்டீனுக்காகத் தனி உணவு தேட வேண்டியதில்லை. முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றில் அது உண்டு. பருப்பில் கந்தக அமினோ அமிலங்கள் குறைவு. அரிசியில் ஒப்பளவில் மிகுதி. இட்லியும் பொங்கலும் இவ்விரண்டையும் சேர்த்தே தருகின்றன. நம் முன்னோர் வேதியியல் அறிந்து செய்தார்களா என்பது வேறு கேள்வி. எள்ளில் உள்ள மெத்தியோனினையும் கல்லீரல் சிஸ்டீனாக மாற்றிக்கொள்ளும். மீட்கும் நொதிக்கு ரிபோபிளேவின் என்னும் பி2 வைட்டமினும் வேண்டும். பாலும் முட்டையும் கீரையும் அதனைத் தரும்.

காமா-குளூட்டமைல்சிஸ்டீனே இப்போது சில நாடுகளில் துணையுணவாக விற்கப்படுகிறது. கடினமான முதற்படியைத் தாண்டிவிட்ட பொருள் அது. ஆகவே மிதவையின் தடையின்றிக் குளூட்டாதயோனாக மாறும் என்பது அதன் பின்னுள்ள கருத்து. கருத்து தவறன்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், நலமுள்ளோர் சிலர் இதனை ஒரு வேளை உட்கொண்டபின் அவர்களது வெள்ளணுக்களில் குளூட்டாதயோன் சில மணி நேரம் உயர்ந்தது. உயிரணுவில் ஓர் அளவு உயர்வது வேறு. நோய் குணமாவது வேறு. இரண்டாவதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. எதிர்ஆக்சிஜனேற்றிகள் எல்லாம் நன்மையே செய்யும் என்று கொள்வதற்கும் இடமில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தே காணப்பட்டது. புற்றணுக்களும் குளூட்டாதயோனைத் தயாரிப்பவையே. அதனை மிகுதியாகக் கொண்டவை சில மருந்துகளைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆகவே புற்றுநோய் மருந்தேற்றம் பெறுவோர் இத்தகைய பொருள்களைத் தாமாகத் தொடங்கலாகாது.

நிறத்தை வெளுப்பாக்குவதற்கென்று அழகு நிலையங்களில் போடப்படும் குளூட்டாதயோன் ஊசி பற்றியும் ஒரு சொல். அப்பயனுக்கு நம்பத்தக்க சான்று மிகச் சிறிது. பிலிப்பைன்ஸ் நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதற்கெதிராக எச்சரிக்கை விடுத்துள்ளது. அதனோடு பேரளவு வைட்டமின் சி ஊசியும் சேர்ப்பது வழக்கம். ஜி6பி.டி. குறைந்தவர்க்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். திருமணத்திற்கு முன் இதனை மகளுக்குப் போடலாமா என்று கேட்கும் தாய்மார்க்கு எமது விடை, வேண்டா என்பதே.

சிறுநீரக நோயாளிகள் மேற்கூறிய புரத உணவுகளைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கும் இன்னும் தொடங்காதவர்க்கும் அளவு வெவ்வேறு. உணவியலாளர் எழுதித்தந்த தாளின்படியே நடக்கவும். ஏற்கெனவே துணையுணவு ஏதேனும் வாங்கி உட்கொண்டு வருபவர்கள், அடுத்த முறை வரும்போது அந்தப் புட்டியையும் மருந்துச் சீட்டோடு எடுத்துவந்து மருத்துவரிடம் காட்டுக.